எக்ஸ்ரே அக்கா எடுத்த முப்பது காலைகள்

அந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அக்கா என்றால் தெரியாதவர்கள் கிடையாது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாட்ச்மேன்கூட, "அப்படி யாரும் இங்க இல்லைங்களே" என்று தலையைச் சொறிவார். இருபத்தாறு வருடமாக, தரைமட்டத்துக்குக் கீழே, ஜன்னல் என்பதே இல்லாத ஓர் அறையில் ஊரில் பாதிப் பேரின் எலும்பைப் படம் பிடித்தவள். "மூச்சை இழுத்துப் பிடிங்க... ஆடாதீங்க... ம், விடுங்க" என்று நாளைக்கு எண்பது தடவையாவது சொல்லுவாள். சொல்லிச் சொல்லி அது நாக்கிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. அடுப்பில் பால் பொங்கி வந்தால்கூட "ஆடாதீங்க" என்றுதான் முதலில் வாயில் வரும்.

எத்தனை வருடம்தான் முழங்காலையும் விலாவையும் பார்த்துக்கொண்டிருப்பது? மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபோது தன் பழைய டிஜிட்டல் கேமராவை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போனாள். அக்கா அதை எடுத்துத் துடைத்து, ஒரு நாள் விடியற்காலையில் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஏரிக்கரைக்குப் போனாள். எதிர்ப்பக்கம் ஒரு மொட்டை மலை, நடுவில் தண்ணீர், கரையோரமாக வளைந்து போகும் ஒரு தார் ரோடு, அவ்வளவுதான். நாள் முழுக்க டியூப்லைட் வெளிச்சத்தில் கிடப்பவளுக்கு அது போதாதா? அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று நாள் போய் வந்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, எடுத்த படமெல்லாம் படு மோசம். எக்ஸ்ரே எடுப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை எடுக்கிறார்களோ அது நட்ட நடுவில் வர வேண்டும், சுற்றிலும் சமமாக இடம் விட்டிருக்க வேண்டும். அக்கா மலையையும் அப்படித்தான் எடுத்தாள். பார்த்தால் முழங்கால் சில்லு மாதிரி இருந்தது. போதாக்குறைக்கு, அவள் பிலிம் காலத்தில் வேலை கற்றவள். எக்ஸ்ரே பிலிம் வெளுத்து வந்தால் கதிரைக் கூட்ட வேண்டும், கறுத்து வந்தால் குறைக்க வேண்டும். கேமராவில் எல்லாம் தலைகீழ். வானம் வெளுத்திருக்கிறதே என்று அக்கா வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுவாள். அடுத்த படத்தில் வானம் இருந்த இடமே தெரியாது. ஒன்றரை மாதம் இந்தக் கூத்து நடந்தது. கேமரா கெட்டுப்போச்சு என்று மகளிடம் போனில் சண்டைக்குப் போனபோதுதான், "அம்மா, நீ எலும்பு எடுக்கல. இதுல வெளிச்சம் கூடினா வெளுக்கும்" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அக்கா போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

அக்காவின் வீட்டுக்காரர் லாரி டிரைவர். லாரி ஸ்டாண்டில் அவருக்கு 'நொட்டை' என்று பெயர். எதைக் காட்டினாலும் அதில் ஒரு நொட்டை சொல்லாமல் நகர மாட்டார். மகள் ஆறு வயதில் ஆசை ஆசையாக யானை வரைந்து காட்டியபோது, "முட்டி தப்பான இடத்துல மடங்குது" என்றவர். அதற்காக மனுஷர் பொல்லாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. பொய் சொல்ல வராது, அவ்வளவுதான். மனதில் பட்டது வாயில் வந்துவிடும். அவரிடமிருந்து ஒருவர் வாங்கக்கூடிய பெரிய சர்டிபிகேட், "ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்பதுதான். இருபத்து நாலு வருடக் குடித்தனத்தில் அதை அவர் சொல்லி அக்கா கேட்டது ஒரே ஒரு தடவை. அதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை. புதிதாகப் பிரேக் மாற்றிய ஒரு லாரிக்குப் போய்ச் சேர்ந்தது.

அக்கா எடுத்த மலையைப் பார்த்தும் அவர் சும்மா இருப்பாரா? "மலைக்கு என்ன, கால் உடைஞ்சிருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்படிச் சின்னச் சின்னச் சண்டையாகப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் அது வந்தது. அவருடைய தொண்டையில் ஒரு கட்டி. பரிசோதனையில் புற்று என்று வந்தது. பெரிய டாக்டர் இருவரையும் உட்கார வைத்து, "நல்லவேளை, சீக்கிரம் வந்துட்டீங்க. முப்பத்து மூணு தடவை கதிர் கொடுக்கணும். வாரத்துல அஞ்சு நாள். முழுசா முடிச்சா குணமாக நிறைய வாய்ப்பு இருக்கு. நடுவுல விட்டா இவ்வளவு கஷ்டப்பட்டதும் வீண்" என்றார். அக்கா அதே ஆஸ்பத்திரியில் இருப்பவள். முடித்தவர்களையும் பார்த்திருக்கிறாள், விட்டவர்களையும் பார்த்திருக்கிறாள்.

டிரைவருக்குக் கதிரைப் பற்றிப் பயமே இல்லை. அவரைக் கவிழ்த்தது முகமூடி. தலை இம்மியும் அசையாமல் இருப்பதற்காக, முகத்தின் அச்சிலேயே செய்த ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வலையை மாட்டி, மேஜையோடு சேர்த்து இறுக்கிவிடுவார்கள். பதினைந்து நிமிடம் அப்படியே மல்லாந்து கிடக்க வேண்டும். வலையின் ஓட்டை வழியாகத் தெரிவது கூரை மட்டும்தான். வெள்ளைச் சதுரம், சதுரத்துக்குள் புள்ளி. முப்பது வருடமாகக் கண்ணாடிக்கு வெளியே ஓடும் ரோட்டைப் பார்த்தே பழகியவர் அவர். திங்கள், செவ்வாய், புதன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று தடவை முடித்தார். வியாழக்கிழமை காலை கட்டிலில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றார்.

"முடியாது. அந்தக் கூரை கீழ இறங்கி வருது. மூச்சு முட்டுது. என்னை ஆளை விடு."

"இன்னும் முப்பதுதாங்க."

"முப்பதா? மூணே முடியல எனக்கு. செத்தா வெளிய கிடந்து சாகுறேன். அதுக்குள்ள கட்டிப் போட்டுச் சாகடிக்காத."

அக்கா அழுதாள், கத்தினாள், மகளை போனில் பேச வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அன்றைய தவணை போயே போய்விட்டது. டாக்டர் போன் செய்து, விட்ட நாளைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் இது பழக்கமாகிவிடக் கூடாது என்று கறாராகச் சொன்னார். மாலையில் அக்கா சமையலறையில் உட்கார்ந்து கேமராவை வெறுமனே தட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க வந்த டிரைவர் எட்டிப் பார்த்தார். அந்த நிலைமையிலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆறு மாசமா அதே மலை. இந்தப் படத்துக்கு அந்தக் கூரையே தேவலை."

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். கோபத்தில்தான் சொன்னாள், யோசித்துச் சொல்லவில்லை. "சரி, பந்தயமா? தினமும் காலையில ஒரு படம் எடுப்பேன். அன்னிக்கு எடுத்ததுலயே நல்லதைக் கொண்டுவந்து, மெஷின் ரூம் வாசல்ல வச்சுக் காட்டுவேன். நீங்க நொட்டை சொன்னீங்கன்னா, உள்ள போகணும். என்னைக்கு 'ஒண்ணும் சொல்றதுக்கில்ல'ன்னு சொல்றீங்களோ, அன்னிக்கே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுறேன். அப்புறம் கதிருன்னு ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனா பொய் சொல்லக் கூடாது."

"எனக்குப் பொய் வராதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

டிரைவர் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "நீ எடுக்கிற லட்சணத்துக்கு நான் முப்பதையும் முடிக்க வேண்டியிருக்கும்" என்று முணுமுணுத்தார். ஆனால் மறுநாள் காலை ஏழரைக்குச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். வெளியே வர ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் சிலருக்கு உள்ளே போகக் கால் வரும்.

முதல் படத்தைப் பார்த்த மாத்திரத்தில், "கண்ணாடியைத் துடைக்காம வண்டி எடுத்திருக்க. வானத்துல பாரு, புள்ளி புள்ளியா அழுக்கு" என்றார். அக்கா லென்ஸைப் பார்த்தாள். உண்மைதான், விரல் தடமும் தூசியும். உள்ளே போனார். நாலாவது தவணை முடிந்தது. திங்கட்கிழமை, "லோடு ஒரு பக்கமா சரிஞ்சிருக்கு. தண்ணி எல்லாம் இடது பக்கம் கொட்டுது" என்றார். செவ்வாய்க்கிழமை, "உன் மலை குறுக்க வந்து மறிச்சுக்கிட்டு நிக்குது. இந்தப் படத்துக்குள்ள நான் வண்டியை எங்க நிறுத்தறது? எந்த வழியாப் போறது?" என்றார்.

அந்தக் கேள்வி அக்காவின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வேலை நேரத்தில் ஒரு கையெலும்பை நடுவில் வைத்துக் கதிர் விட்டபோதும் அதையேதான் யோசித்தாள். வண்டியை எங்கே நிறுத்துவது? எந்த வழியாகப் போவது?

எக்ஸ்ரே அறையில் ஒரு நோட்டு உண்டு. வீணாய்ப்போன படங்களை, ஏன் வீணாயிற்று என்று காரணத்தோடு எழுதி வைப்பார்கள்: நோயாளி அசைந்தார், கதிர் போதவில்லை, வளையலைக் கழற்றவில்லை என்று. அக்கா தன் படங்களுக்கும் ஒரு நோட்டுப் போட்டாள். தேதி, அவர் சொன்ன நொட்டை, அதற்குக் காரணம் என்ன, நாளைக்கு என்ன மாற்ற வேண்டும். சனி ஞாயிறு கதிர் கிடையாது. அந்த இரண்டு நாளும் நோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரையிலேயே கிடந்தாள். போனில் பாடம் சொல்லும் வீடியோக்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பாதி புரியவில்லை. புரிந்த பாதியை விடவில்லை.

கேமரா ஆடாமலிருக்க ஒரு வழி அவளுக்குத் தொழிலிலேயே தெரியும். குழந்தைகளின் கை கால் அசையாமல் அணைத்து வைக்க எக்ஸ்ரே அறையில் சின்ன மணல் மூட்டைகள் இருக்கும். அக்கா டிரைவரின் பழைய பேன்ட்டில் ஒரு காலை வெட்டி, மணல் நிரப்பித் தைத்து, கரையின் குட்டிச்சுவர்மேல் போட்டு, அதன்மேல் கேமராவை அமுக்கி வைத்தாள். கை படாமல் இரண்டு விநாடி கழித்துத் தானாக எடுத்துக்கொள்ளும் பொத்தானைத் தட்டிவிட்டு, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று ஏரியைப் பார்த்துச் சொல்லுவாள். நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் இதைக் கேட்டு நின்று, நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டார். அக்கா படம் முடிந்ததும், "ம், விடுங்க" என்றாள். அந்த மனிதர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை.

மலையை நடுவிலிருந்து நகர்த்துவதற்கு ஒரு வாரம் ஆயிற்று. நகர்த்துவதென்றால் மலையையா நகர்த்த முடியும்? அக்காதான் நகர்ந்தாள். கரையில் நூறடி தள்ளிப் போனாள், முழங்காலிட்டாள், ஒரு நாள் சேற்றில் குப்புறவே படுத்தாள். முன்னால் ஒரு பாறை, அதைத் தாண்டித் தண்ணீர், அதற்கப்பால் மலை என்று பார்வை படிப்படியாக உள்ளே போக வேண்டும் என்று மெல்லப் பிடிபட்டது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் மலை தட்டையாகிவிடுகிறது, பக்கவாட்டில் அடித்தால்தான் அதன் மேடு பள்ளம் எழும்புகிறது என்று தெரிந்தது. வெளிச்சத்தை வானத்துக்குத் தக்கபடி வைத்தால் கரை கறுத்துவிடும். கரைக்குத் தக்கபடி வைத்தால் வானம் போய்விடும். இரண்டும் தாங்குகிற நேரம் விடியலில் ஐந்தாறு நிமிடம்தான். அந்த ஐந்தாறு நிமிடத்துக்காக அவள் ஐந்து மணிக்கே போய் உட்கார்ந்தாள்.

"இப்ப பாறை நல்லா இருக்கு. ஆனா வலது பக்கம் அந்தக் குப்பைத் தொட்டியை எதுக்குக் கூட்டிட்டு வந்தே?" என்றார் டிரைவர், பதினோராவது தவணையன்று.

மெஷின் அறையில் வேலை பார்த்தவர் ஒரு வழுக்கைத் தலை டெக்னீஷியன். ஆஸ்பத்திரிக்கே அவர் மாமா. அக்காவைவிட ஆறு வயது மூத்தவர், இருந்தாலும் அவருக்கும் அவள் அக்காதான். அந்தக் கட்டடத்துக்குள் உறவுமுறையெல்லாம் அப்படித்தான் தாறுமாறாக ஓடும். மாமா வெளியே உட்கார்ந்து, டிவியில் உள்ளே படுத்திருப்பவரைப் பார்த்துக்கொண்டே மெஷினை ஓட்டுவார். பன்னிரண்டாவது தவணையன்று அவர் அக்காவைக் கூப்பிட்டு, "அக்கா, இங்க பாருங்க. உங்க வீட்டுக்காரர் என்னமோ பண்றார்" என்றார்.

டிவியில் முகமூடி, அதன் கீழே அசையாத உடம்பு. வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் மேஜைமேல் மெதுவாக எதையோ தள்ளிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளும், நிற்கும், மறுபடி தள்ளும்.

வீட்டுக்குத் திரும்பும்போது அக்கா கேட்டாள். டிரைவர் சாதாரணமாகச் சொன்னார்: "இன்னிக்குப் படத்துல அந்தப் பாறை தண்ணிக்கு ரொம்பக் கிட்ட இருந்துச்சில்ல? அதைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திக்கிட்டு இருந்தேன். சரியா வச்சு முடிக்கிறதுக்குள்ள மெஷினை நிறுத்திட்டாங்க."

"கூரை?"

"கூரையை யார் பார்த்தா?"

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷத்தில் அன்று பாடிக்கொண்டே வேலை செய்தாள். மாலையில்தான் விஷயத்தின் மறுபக்கம் உறைத்தது. அவர் உள்ளே பிழைத்துக்கிடப்பது படத்தின் நொட்டையால். அவளோ நாளுக்கு நாள் நொட்டையைக் குறைத்துக்கொண்டே வருகிறாள். இன்னும் இருபத்தொரு நாள் இருக்கிறது. நடுவில் ஒரு நாள் கை கூடிவந்து நல்ல படமாக அமைந்துவிட்டால்? பந்தயம் போட்டது அவள்தானே! வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"இதுக்கா கவலை? வேணும்னே மோசமா எடுத்துட்டுப் போங்க" என்றார், மறுநாள் அவள் புலம்பியதைக் கேட்ட மாமா.

பதினேழாவது தவணையன்று அக்கா அதைச் செய்தாள். கேமராவை வேண்டுமென்றே சாய்த்து எடுத்தாள். ஏரி ஒரு பக்கம் சரிந்தது. அதை நீட்டியபோது டிரைவர் ஒரே ஒரு பார்வைதான் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"இது நீ வேணும்னே எடுத்தது."

"இல்லைங்க, கை தவறி..."

"முதல் வாரம் தாண்டி நீ கோணலா எடுக்கலை. எனக்கு வேலை வேணுமேன்னு நல்ல வண்டியை உடைச்சு வச்சிருக்க. அதை நான் ரிப்பேர் பண்ண மாட்டேன்." கேமராவை அவள் கையில் திணித்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார். "என்னைப் பச்சைக் குழந்தைன்னு நினைச்சியா?"

அக்கா பின்னாலேயே ஓடினாள். ஆஸ்பத்திரி கேட்டருகில் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். மன்னிச்சிடுங்க என்றாள். இருபத்து நாலு வருடத்தில் அவள் அந்த வார்த்தையை அவரிடம் சொன்னதில்லை. அவருக்கே அது புதிதாக இருந்தது. அன்றைக்கு நிஜமாக எடுத்த இன்னொரு படமும் கேமராவில் இருந்தது. அதைக் காட்டினாள். டிரைவர் வேண்டாவெறுப்பாக வாங்கினார். ஓரம் ஓரமாகத் துருவிப் பார்த்தார். அக்காவுக்கு உயிரே இல்லை.

"மலை நல்லா இருக்கு. ஆனா முன்னாடி இருக்கிற புல்லு கலங்கித் தெரியுது."

"காத்து அடிச்சுதுங்க."

"காத்தடிச்சா காத்து நிக்கிற வரைக்கும் நிக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று ராத்திரி படுப்பதற்கு முன் அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். பொய்யாக மோசமாக எடுக்க முடியாது. நன்றாக எடுத்தாலும் ஆபத்து. அப்படியானால் ஒரே வழிதான்: தனக்குத் தெரியாததை எடுப்பது. ஒன்று கைக்கு வந்துவிட்டால் மறுநாளே அதை விட்டுவிட்டு, அதைவிடக் கஷ்டமான ஒன்றுக்குப் போவது. உயிரைக் கொடுத்து எடுப்பாள், ஆனாலும் நொட்டை இருக்கும், ஏனென்றால் அது புதிது.

அப்படித்தான் அவள் மூடுபனிக்குள் போனாள். பனியை நம்பி கேமரா ஏமாந்துபோய் எல்லாவற்றையும் சாம்பலாக்கியது; வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினால்தான் பனி பனியாக வெளுக்கும் என்று கற்றுக்கொள்ள இரண்டு நாள் ஆயிற்று. மதகில் விழும் தண்ணீரை நிதானமான வேகத்தில் எடுத்தாள். முதல் நாள் அது சோப்பு நுரையாக வந்தது. சூரியனுக்கு நேர் எதிரே நின்று எடுத்தாள். தூறலில் குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு எடுத்தாள். நோட்டில் பக்கம் பக்கமாக நிரம்பியது. முன்பு அவர் சொன்ன பிறகுதான் குறை தெரியும். இப்போது கரையிலேயே தெரிந்தது. ஆறு மாதத்தில் வராதது ஆறு வாரத்தில் வந்தது.

டிரைவரின் பாடு அதற்குள் மோசமாகியிருந்தது. கழுத்துத் தோல் கருகி உரிந்தது. தண்ணீர் விழுங்குவதே போராட்டம். சட்டைக்குள் ஆள் பாதியாகிவிட்டார். இருபத்தைந்துக்குப் பிறகு குரலும் போயிற்று, காற்றுதான் வந்தது. நொட்டையை விரலால் காட்ட ஆரம்பித்தார். கேமராவின் திரையில் ஓரிடத்தில் விரலை வைப்பார், உதட்டைப் பிதுக்குவார், அக்காவுக்குப் புரிந்துவிடும். சில நாள் வாசலில் உள்ள பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். இதற்குமேல் முடியாது என்று அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். அப்போதெல்லாம் அக்கா கேமராவை அவர் மடியில் வைப்பாள்.

முப்பதாவது தவணை. முந்தைய நாள் முழுக்க மழை. விடியற்காலையிலும் வானம் மூடித்தான் இருந்தது. இன்றைக்கு என்ன வரப்போகிறது என்று அலுத்துக்கொண்டே அக்கா கரையேறினாள். வழுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். குட்டிச்சுவரில் மணல் மூட்டையைப் போட்டுக் காத்திருந்தாள். ஆறு மணிக்கு மேல் மலைக்குப் பக்கவாட்டில் மேகம் ஒரு கையகலம் கிழிந்தது. வெளிச்சம் சாய்வாக வந்து முதலில் மலையின் தோளில் விழுந்தது, பிறகு தண்ணீரில், பிறகு நனைந்த தார் ரோட்டில். ரோடு அவள் காலடியில் அகலமாகத் தொடங்கி, கரையோடு வளைந்து, மின்னிக்கொண்டே போய் மலையடியில் மறைந்தது. காற்று சுத்தமாக நின்றிருந்தது. "ஆடாதீங்க" என்றாள் அக்கா. ஒரே ஒரு படம்தான் எடுக்க முடிந்தது. மேகம் மூடிக்கொண்டது.

திரையில் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள், ஓரங்களைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். வண்டியை நிறுத்த இடம் இருந்தது. போக வழி இருந்தது. ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் கூடவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அவள் நினைத்த படம் அப்படியே வந்திருந்தது, அதுவும் பாழாய்ப்போன இந்த நாளிலா வர வேண்டும்?

அழித்துவிடலாமா என்று கட்டை விரல் பொத்தான்மேல் போயிற்று. கேமரா நனைந்துவிட்டது என்று சொல்லலாம். சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். போன தடவை ஆஸ்பத்திரி கேட்டோடு நின்றார். இந்தத் தடவை நிற்க மாட்டார். விரலை எடுத்துக்கொண்டாள். கொடுத்த வாக்குக் கொடுத்ததுதான்.

மெஷின் அறை வாசலில், அதே பெஞ்சில், அக்கா கேமராவை நீட்டினாள். டிரைவர் வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. அவர் கண் அந்த ரோட்டில் மெல்லப் போய், மலையடியைத் தொட்டு, திரும்பி வருவதை அக்கா பார்த்தாள். உரிந்துபோன அந்தக் கழுத்தையும் பார்த்தாள். எழுந்து வீட்டுக்குப் போகலாம் என்று அவர் சொன்னால் அவளால் ஒன்றும் கேட்க முடியாது. மாமா கதவைத் திறந்து, "சார், வரலாம்" என்றார்.

டிரைவர் பெருமூச்சு விட்டார். திரையின் வலது மேல் மூலையில் விரலை வைத்தார். தொண்டையைச் செருமி, வராத குரலை இழுத்துப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்.

"கம்பி. ஒரு கரண்டுக் கம்பி குறுக்க போகுது. கவனிக்கல பாரு."

கேமராவை அவள் மடியில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். யார் கையையும் பிடிக்காமல் உள்ளே போனார்.

அக்கா அந்த மூலையைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். மேகம்தான் இருந்தது. கம்பி ஏது? ஏரியின் அந்தப் பக்கம் ஒரு கம்பமே கிடையாது. அது அவளுக்கும் தெரியும், இத்தனை நாளாக அந்த ஏரியைப் படத்தில் பார்க்கிற அவருக்கும் தெரியும். அக்கா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள்.

"என்னக்கா, இன்னிக்குப் படம் சரியா வரலையா?" என்று மாமா பதறினார்.

"வரலை மாமா. நொட்டை இருக்கு."

"எங்க?"

அக்கா மூலையைக் காட்டினாள். மாமா மூக்குக் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு உற்று உற்றுப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே!"

"நல்லாப் பாருங்க. ஒரு கம்பி போகுது. எங்க வீட்டுக்காரர் பொய் சொல்ல மாட்டார்."

மாமா ஒன்றும் புரியாமல் போய் மெஷினை ஓட்டினார். டிவியில் முகமூடிக்குக் கீழே டிரைவர் அசையாமல் கிடந்தார். வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் மேஜைமேல் சின்னதாக வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. இல்லாத அந்தக் கம்பியை அவர் நிதானமாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். இன்னும் மூன்று தவணை பாக்கி.